ஃப்ரீமாண்டில் ஒரு மாதம்

புது ஊருக்குப் போனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டதும் ஊரின் நடுவுக்குப் போய்ச் சற்று நேரம் நிற்கவேண்டும். நடு என்றால் சர்வே இலாகாக்காரர் சங்கிலி பிடித்து அளந்து சொல்லும் நடு அல்ல. கோயில் வாசலோ, தேரடியோ, ஒரு நல்ல காப்பிக் கடையோ, எங்கே நின்றால் அந்த ஊர் ஜனங்கள் எதற்கு அவசரப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியுமோ, அந்த இடம். மாயவரத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பழக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஊர் மணிக்கூண்டடியில் அரைமணி நின்றால் போதும். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பாகப்பிரிவினை என்பதெல்லாம் தானே காதில் வந்து விழும்.

2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் என் தம்பி வீட்டில் போய் இறங்கிய மறுநாளும் அந்த வழக்கப்படியே, "ஊருக்கு நடுவிலே கொண்டுபோய் விடு" என்று அவனைக் கேட்டேன். தம்பி கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தான். பதினொரு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவன். ஆனாலும் உடனே பதில் வரவில்லை.

"நடுன்னா எதுண்ணே?"

"கடைத்தெரு. நாலு பேர் நிக்கிற இடம்."

"நிக்கிற இடமா? இங்கே யாரும் நிக்க மாட்டாங்களே!"

கடைசியில் ஒரு இடத்துக்கு அழைத்துப் போனான். அதற்குப் பெயர் 'ஃப்ரீமாண்ட் ஹப்'. ஹப் என்றால் வண்டிச் சக்கரத்தின் குடம். பெயர் என்னவோ பொருத்தம்தான். போய்ப் பார்த்தால் ஓரங்களில் கடைகள். குடம் இருக்கவேண்டிய இடத்தில் கார் நிறுத்தும் மைதானம். ஒவ்வொருவரும் காரிலிருந்து இறங்கி, ஒரே ஒரு கடைக்குள் நுழைந்து, சாமானுடன் திரும்பி, காரில் ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் சாலையோரத்தில் நின்றேன். இரண்டு பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாலாவது நிமிஷம் தம்பி, "போலாமாண்ணே?" என்றான்.

ஃப்ரீமாண்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸான் பிரான்ஸிஸ்கோ, ஓக்லண்ட், ஸான் ஹோஸே என்ற மூன்று பெரிய பட்டணங்கள் ஒரு விரிகுடாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கிடையில் சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய நூறு நகரங்கள். எது எங்கே முடிகிறது, எது எங்கே ஆரம்பிக்கிறது என்பது பலகையைப் படித்தால்தான் தெரியும். அந்த நூற்றில் ஒன்று ஃப்ரீமாண்ட். 2020-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி 2,30,504 பேர். அவர்களில் பாதிக்குமேல் ஆசியாக் கண்டத்துக்காரர்கள். அதிலும் நம் நாட்டார் ஏராளம். 1972-ல் அந்தப் பிரதேசத்துக்கு வந்த 'பார்ட்' என்ற மின்சார ரயிலுக்கு 2017 வரையில் இந்தத் திசையில் ஃப்ரீமாண்ட்தான் கடைசி ஸ்டேஷன். ஆகவே ஊருக்கு ஒருநாளும் போகாதவர்கள்கூட ரயிலின் நெற்றியில் அந்தப் பெயரைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். சென்னைவாசிகளுக்குத் தாம்பரம் எப்படியோ, அப்படி.

நான் போனது ஊர் பார்க்க மட்டும் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் பெட்டியில், வேஷ்டிகளுக்கு அடியில், நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மாயவரத்து வீட்டின் கூடத்துக் கைமரங்கள் செல்லரித்துவிட்டன. ஓடு முழுவதும் பிரித்து வேயவேண்டும் என்று ஆசாரியும் கொத்தனாருமாகச் சேர்ந்து எழுதிக்கொடுத்த மதிப்பீடு. மொத்தம் மூன்று லட்சத்து எண்பதாயிரம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது எட்டாத தொகை. அப்பா போனபோது நான் கல்லூரியில் இரண்டாவது வருஷம். படிப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு உரக்கடையில் கணக்கு எழுதப் போனேன். தம்பி எஞ்சினீயரானான். இதை அவன் எப்போதும் சொல்லிக் காட்டுவான். நான் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமலிருப்பதிலும் ஒரு அகம்பாவம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். விமானச் சீட்டை ஜனவரியிலேயே அவன் வாங்கி அனுப்பிவிட்டான். 'நேரில் போய், நல்ல வேளை பார்த்துக் காகிதத்தைக் கொடுப்போம்' என்று புறப்பட்டேன்.

நல்ல வேளை வந்தபாடில்லை. தம்பி தினமும் எட்டரை மணிக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு, தயிர்சாத டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவான். ஐந்து மணிக்கு வருவான். முகம் வாடியிருக்கும். அமெரிக்காவில் வேலை வாங்குகிறார்கள், பாவம், என்று நினைத்துக்கொள்வேன்.

பகலெல்லாம் எனக்குப் பொழுது போகவேண்டுமே! தம்பி பெண்ஜாதி வீட்டிலிருந்தே யாருக்கோ கணக்குப் பார்க்கிறாள், பேசினால் தொந்தரவு. பேத்தி வயசுக்குக் கொஞ்சம் முந்திய எட்டு வயதுப் பெண் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். நான் நடக்க ஆரம்பித்தேன். நடந்தால்தான் அந்த ஊரின் ரகசியம் தெரிகிறது. இந்தப் பக்கம் ஒரு மைல் போனால் பழைய காலத்துச் சிறு கடைத்தெரு ஒன்று வருகிறது. அப்புறம் மறுபடியும் வீடுகள், வீடுகள், வீடுகள். வேறு பக்கம் போனால் இன்னொரு கடைத்தெரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. விசாரித்ததில் தெரிந்தது: நான் தேடிய நடு கிடைக்காததற்குக் காரணம், அது ஒரு ஊரே அல்ல; ஐந்து ஊர்!

அந்தக் கதை ரசமானது. வாஷிங்டன் டவுன்ஷிப் என்று சொல்லப்பட்ட அந்தப் பிரதேசத்தில் எட்டுக் கிராமங்கள் இருந்தன. பழத்தோட்டங்கள், காய்கறி வயல்கள், கடலோரத்தில் உப்பளங்கள். இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும் வீடு கட்டுகிறவர்கள் தோட்டங்களை விழுங்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துப் பெரிய ஊர்கள் எல்லையை நீட்டிக்கொண்டு வந்தன. தனித்தனியாக இருந்தால் நாளை நம் பெயரே இராது என்று கிராமத்தார் பயந்தார்கள். சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் ஸான் ஹோஸே, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து 1956-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஒரே நகரமாகப் பதிவு செய்துகொண்டன. சென்டர்வில் என்றால் 'நடுவூர்' என்று அர்த்தம். ஆனால் மற்ற நாலு ஊர்க்காரர்கள் அதை நடுவாக ஒப்புக்கொண்டு விடுவார்களா? நம் ஊராக இருந்தால் ஒப்புக்கொள்வோமா?

நூவார்க் என்ற ஆறாவது கிராமம் மட்டும், 'உங்கள் சங்காத்தமே வேண்டாம்' என்று முந்திக்கொண்டு 1955-லேயே தனி நகரமாகிவிட்டது. பலன் என்ன தெரியுமா? தேசப்படத்தில் பாருங்கள்: ஃப்ரீமாண்டின் வயிற்றுக்குள் நூவார்க் உட்கார்ந்திருக்கிறது, சமாதானமாகப் போகாத பங்காளி வீட்டு மனைபோல. மிச்சம் இரண்டு கிராமங்களும் 1959-ல் சேர்ந்து 'யூனியன் சிட்டி' ஆயின. 1960-ல் ஃப்ரீமாண்டின் ஜனத்தொகை 43,790. 1970-ல் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பெயர் வைத்த விஷயம் இன்னும் வேடிக்கை. ஐந்தில் எந்தப் பெயரை வைத்தாலும் சண்டை வரும் அல்லவா? ஆறாவதாக ஒரு மனிதரின் பெயரை வைத்தார்கள். ஜான் சார்லஸ் ஃப்ரீமாண்ட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குப் பிரதேசங்களைச் சுற்றி அளந்து படம் போட்டவர். அவருடைய கூட்டம் 1846-ல் கலிபோர்னியாவில் செவ்விந்தியர்களைக் கொன்று குவித்த கதையும் உண்டு. அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை. ராணுவ விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றார். 1856-ல் குடியரசுக் கட்சியின் முதல் ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றார். தங்கத்தில் சம்பாதித்த சொத்தையும் தோற்றார். 1890-ல் நியூயார்க்கில் செத்துப்போனார். இப்படித் தோற்றவர் பெயரை, அவர் தேர்தலில் தோற்றுச் சரியாக நூறாவது வருஷத்தில், ஒரு நகரத்துக்கு வைத்தவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஊருக்கு நடு இல்லாவிட்டாலும் ஒரு ஏரி இருக்கிறது. வெட்டிய ஏரிதான். பெயர் லேக் எலிசபெத். ராணியின் பெயர் என்று நினைத்தேன். ஆஸ்திரேலியாவில் எலிசபெத் என்று ஓர் ஊர் இருக்கிறதாம். ஃப்ரீமாண்ட் அதனோடு சகோதரி உறவு கொண்டாடுகிறது. அந்த ஊரின் பெயரை ஏரிக்கு வைத்தார்கள். அந்த ஊருக்குப் பெயர் வந்தது ராணியிடமிருந்து. ஆக, ஒன்றுவிட்ட ராணி! ஏரிக்கரையைச் சுற்றி நடக்க நல்ல பாதை. கொழுத்த வாத்துக்கள் பாதையை மறித்துக்கொண்டு, 'நீ சுற்றிப் போ' என்பதுபோல் பார்க்கும். ஏரியின் ஒரு கைக்கு அடியில், பூமிக்குள், ரயில் ஓடுகிறது. மேலே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கரைப் பெஞ்சுகளில்தான் நான் தேடிய 'நாலு பேர்' கிடைத்தார்கள். எல்லாரும் கிழவர்கள். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர்கள் ஒரு பெஞ்சில். ஊரில் அவர்களுடைய குருத்வாரா இருக்கும் தெருவுக்குக் குருத்வாரா ரோடு என்றே பெயர். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக நம் தமிழ்நாட்டுத் தாத்தாக்கள் இன்னொன்றில். முட்டிவலி, பேரன், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் என்று அவர்கள் சம்பாஷணை. மூன்றாவது பெஞ்சில் ஆப்கானியர்கள். 1979-ல் ரஷ்யப் படை காபூலுக்குள் நுழைந்ததிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். சென்டர்வில் பக்கத்தில் அவர்கள் ரொட்டிக் கடைகள் இருக்கும் பகுதியைச் 'சின்னக் காபூல்' என்கிறார்கள்.

அந்த மூன்றாவது பெஞ்சுக்காரர் ஒருவர் ஒருநாள் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சட்டைப் பையிலிருந்து உலர்ந்த பழம் எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை; எனக்கும் அப்படியே. அதனால் நன்றாகப் பேச முடிந்தது.

"காபூலில் வாத்தியார். இங்கே தாத்தா," என்றார் தன் மார்பைத் தொட்டு.

"அங்கே கதை எழுதுகிறவன். இங்கே அண்ணன்," என்றேன்.

"தம்பி என்ன செய்கிறார்?"

"எஞ்சினீயர்."

அவர் தலையை ஆட்டினார். "எல்லாரும் எஞ்சினீயர்," என்று சொல்லிவிட்டு, ஏரிக்கு அப்பால் ஒரு கட்டடத்தைக் காட்டினார். "பகலில் எல்லாரும் அங்கே."

அது ஊர்ப் பொது வாசகசாலை. அப்போது எனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. தூரத்தில் இருக்கும் ஏதோ கம்பெனியைக் காட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வெயில் கொஞ்சம் உறைத்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று அந்த வாசகசாலைக்குள் நுழைந்தேன். விசாலமான, குளிர்ந்த, நல்ல கட்டடம். யாரும் யாரையும் 'எதற்கு வந்தாய்?' என்று கேட்பதில்லை. ஜன்னல் ஓரமாக வரிசையாக மேஜைகள். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது வயது ஆண்கள், சில பெண்கள். நாலாவது மேஜையில் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தயிர்சாத டப்பா. மணி பதினொன்றேகால்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே நான் திரும்பிவிட்டிருக்கலாம். கதையில் வரும் அண்ணனாக இருந்தால் திரும்பித்தான் இருப்பான். என் கால்கள் என்னவோ நேரே மேஜைக்கே போய் நின்றன.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். எழுந்து நின்றான். அப்பா உள்ளே வந்தால் எழுந்து நிற்பானே, அந்த மாதிரி.

"மார்ச் பத்தாம் தேதிண்ணே," என்றான். "ஒரு லெட்டர். பத்து வரி. அவ்வளவுதான்."

வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். மோர்மிளகாய் இருந்தது. அவன் சொல்லச் சொல்லத்தான் விஷயத்தின் பரிமாணம் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். அங்கே அவனைப்போல் கம்பெனியின் பேரில் விசா வாங்கி வந்தவர்களுக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி அவனுக்காக மனுப் போடவேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டும். நிரந்தரமாகத் தங்குவதற்கு மனுக் கொடுத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அவ்வளவு நீளம். பதினொரு வருஷம் இருந்த ஊரில் அவனுக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரல்விட்டு எண்ணினோம். பத்தொன்பது.

"உங்க வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கோபத்தில் எனக்கு மரியாதை வந்துவிடும்.

"தெரியும். உனக்குச் சொல்லச் சொல்லி அவ தினம் சண்டை போடறா. நீ மொதல் தடவை வந்திருக்கே. சந்தோஷமா ஊர் பாத்துட்டுப் போகட்டும்னு..."

"நான் என்ன, புதுமாப்பிள்ளையா?"

அவன் சிரிக்க முயன்றான். சரியாக வரவில்லை. என்னுடைய நிலைமையும் விசித்திரமாக இருந்தது. அவனுக்காக வருத்தப்பட்டேன் என்று எழுதுவது சுலபம். உண்மையில் அந்த மரத்தடியில் எனக்கு முதலில் வந்த நினைவு பெட்டிக்குள் இருந்த காகிதம்தான். 'போச்சு!' என்று தோன்றியது. அப்புறம்தான் தம்பி, குழந்தை, எல்லாம். மனசு எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதை மறைப்பானேன்?

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது, தம்பி பெண்ஜாதி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "அப்பாடா! மாமாவுக்குத் தெரிஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உருளைக்கிழங்கு வறுத்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அவன் ஆபீசுக்குப் போகிறவன்போல் வேஷம் போட வேண்டியிருக்கவில்லை. காலையில் விண்ணப்பங்கள் அனுப்புவான். பகலில் யாராவது டெலிபோனில் கேள்வி கேட்பார்கள். பிற்பகல் என்னைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு எங்கேயாவது போவான். உண்மையில் நான் ஃப்ரீமாண்டைப் பார்த்தது அந்தச் சில நாட்களில்தான்.

மிஷன் ஸான் ஹோஸேக்குப் போனோம். ஸ்பானியப் பாதிரிமார்கள் 1797-ல் கட்டிய ஸ்தலம். கலிபோர்னியாவில் அவர்கள் வரிசையாகக் கட்டிய இருபத்தொன்றில் பதினாலாவது. வெள்ளைச் சுவர், தடித்த தூண்கள், சிவப்பு ஓடு. ஓட்டைக் கண்டதும் என் கண் கைமரத்தைத் தேடியது. அது பழைய கோயில் அல்ல. பழையது 1868-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதே மாதிரி திரும்பக் கட்டி 1985-ல் திறந்தது. பழைய கோயிலைக் கட்ட மண் சுமந்தவர்கள் ஓலோனி என்ற அந்த மண்ணின் பூர்வ குடிகள். வந்தவர்களின் வியாதியும் வேலையுமாகச் சேர்ந்து அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. சற்றுத் தூரத்தில் அவர்களுடைய மயானம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இருக்கிறார்கள். மற்ற எல்லாரும், நான், என் தம்பி, ஆப்கானிய வாத்தியார், அந்த ஸ்பானியப் பாதிரியார் உட்பட, வந்தவர்கள்தாம்.

1868-ல் பூமியை உலுக்கிய அந்தப் பிளவு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஹேவர்ட் பிளவு என்று பெயர். ஊரின் நடுவே, ஏரிப் பூங்காவை ஒட்டிப் போகிறது. அது தூங்குவதில்லை; வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தம்பி ஒரு தெருவில் காரை நிறுத்தி, நடைபாதை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையைக் காட்டினான். நேராகப் போகவேண்டிய கட்டை ஓரிடத்தில் சற்றே வளைந்து, விலகி, மறுபடி நேராகப் போனது. அதற்கு எதிரே ஒரு வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் போனபோது மைல் கணக்கில் நீளமான ஒரு மோட்டார் தொழிற்சாலை வந்தது. தம்பிக்கு அதன் ஜாதகம் தலைகீழ்ப் பாடம். 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் திறந்தது, 1982-ல் மூடியது. மூடும்போது அந்தத் தொழிலாளர்களுக்கு மகா கெட்ட பெயர். நாட்டிலேயே மோசமான ஆட்கள், குடிப்பவர்கள், வேலைக்கு வராதவர்கள் என்று. 1984-ல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி வந்து, ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டாகத் திறந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோரையே மறுபடி கூப்பிட்டு, பலரை ஜப்பானுக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். கொஞ்ச நாளில் நல்ல கார் செய்வதற்குப் பெயர்போன தொழிற்சாலை அதுதான்! அதே மனிதர்கள், அதே கொட்டகை. 2010-ல் அதுவும் மூடப்பட்டது. அதே வருஷம் டெஸ்லா கம்பெனி கட்டடத்தை வாங்கியது; அப்புறம் அங்கே மின்சாரக் கார் செய்ய ஆரம்பித்தது.

"இந்த ஊர்லே கட்டடத்துக்கு மூணு ஜன்மம் உண்டுண்ணே," என்றான் தம்பி.

"ஆளுங்களுக்கு?"

"ஆளுங்களுக்கு அறுபது நாள்."

இப்போது அவனுக்குச் சிரிப்பு நன்றாகவே வந்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு நெடுநேரம் நாங்கள் பேசவில்லை. கடலோரமாகப் போகிற சாலையில் உப்பளங்கள் தெரிந்தன. சில பாத்திகளில் தண்ணீர் குங்குமம் கரைத்ததுபோல் சிவப்பாக இருந்தது. சின்ன வயதில் வேதாரண்யத்தில் பார்த்த பாத்திகளை நினைத்துக்கொண்டேன். அவனும் அதைத்தான் நினைத்தானோ என்னவோ.

நைல்ஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஐந்து கிராமங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். மலையிடுக்கிலிருந்து ரயில் பாதை வெளியே வரும் வாயில் ஊர். ஒரே ஒரு கடைத்தெரு, பழைய சாமான் கடைகள். அங்கே மட்டும் ஜனங்கள் நிற்கிறார்கள்! இந்தச் சின்ன ஊரில்தான் 1913-லிருந்து 1916 வரை எஸ்ஸனே என்ற சினிமாக் கம்பெனியின் ஸ்டுடியோ இருந்தது. 1915-ஆம் வருஷ ஆரம்பத்தில் சார்லி சாப்ளின் இங்கே வந்து சில மாதங்கள் இருந்து படம் எடுத்தார். ஹாலிவுட் இருக்க, நாடோடிச் சார்லி நடந்துபோன ரோடு இந்தத் தூங்குமூஞ்சிக் கிராமத்து ரோடு என்பதை யார் நம்புவார்கள்?

அந்தக் காலத்துச் சினிமாக் கொட்டகை ஒன்று இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் பேசாத படங்களைக் காட்டுகிறார்கள். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பியானோ வாசிக்கிறார். நான் ஊர் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை எல்லாரும் போனோம். எங்கள் அதிர்ஷ்டம், அங்கேயே எடுத்த 'நாடோடி' படம் அன்று. ஒரு பெண்ணைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றி, அவள் தகப்பனார் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, வேலையைக் கந்தரகோளமாக்கி, காலில் குண்டடிபட்டு, அவளுக்கு வேறு காதலன் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறான் சார்லி. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு தளர்ந்து நடக்கிறான். சட்டென்று தோளைக் குலுக்கி, காலை உதறிக்கொண்டு, துள்ளி நடக்கிறான். எனக்கு நூறு தடவை சொல்லக் கேட்ட இடம்தான். குழந்தை மட்டும் திருப்தி அடையவில்லை.

"பெரியப்பா, அவர் எங்க போறார்?"

"அடுத்த ஊருக்கு."

"அங்க வீடு இருக்கா?"

தம்பி பெண்ஜாதி குழந்தையின் தலையைத் தடவி, "நாளைக்கு ஸ்கூல் புராஜெக்ட் முடிக்கணும், தெரியுமில்ல?" என்றாள். தம்பி பியானோக்காரரைப் பார்த்துப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

மே மூன்றாம் தேதி எனக்கு விமானம். அவனுக்கு ஆறு நாள் பாக்கி. விமான நிலையத்தில் பெட்டியை எடைபோட்டுவிட்டு நிற்கும்போது, அவன் திடீரென்று கேட்டான்: "ஆமா, கூடத்து ஓடு மாத்தணும்னு பொங்கலப்போ சொன்னியே, என்னாச்சு?"

"மாத்தியாச்சு," என்றேன். "தை கடைசியிலேயே."

"எவ்வளவு ஆச்சு?"

"பெரிசா ஒண்ணும் ஆகலே. பழைய ஓடே பாதிக்கு மேலே நல்லாயிருந்தது."

கதை எழுதுகிறவனுக்குப் பொய் தடுமாறாமல் வரும் என்று சொல்வார்கள். எனக்கு 'பெரிசா' என்ற இடத்தில் தொண்டை கரகரத்தது. அவன் கவனித்தானோ இல்லையோ, குனிந்து என் பெட்டியின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

ஊருக்கு வந்து ஐந்தாம் நாள் காலையில் டெலிபோன் வந்தது. ஐம்பத்தெட்டாவது நாள், வார்ம் ஸ்பிரிங்ஸில் ஒரு சின்னக் கம்பெனி அவனுக்காக மனுப் போட்டுவிட்டது. சம்பளம் முன்னைவிட மட்டு. வீடு மாறவேண்டாம், குழந்தைக்கு அதே பள்ளிக்கூடம். ஏரிக்கரை வாத்தியாரிடம் போய்ச் சொன்னானாம். அவர் ஒரு பை நிறைய உலர்ந்த பழம் கொடுத்து, 'அண்ணனுக்கு' என்றாராம்.

அக்டோபர் கடைசியில் மாயவரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். கூடத்தில் பித்தளைத் தவலை ஒன்றும் பிளாஸ்டிக் வாளி இரண்டும் வைத்திருந்தோம். நான் தவலைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசினேன்.

"அது என்னண்ணே சத்தம்?" என்றான்.

"உங்க அண்ணி கொல்லையிலே பாத்திரம் தேய்க்கிறா."

"மழை பெய்யுதுன்னியே?"

"அங்கே மழை எப்படி?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கலேண்ணே," என்றான்.